பச்சைத் தொட்டியில் ஒரு சிவப்புச் சொட்டு

எஸ்தர் ஊசிக் குழாயைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடித்து, கை நடுங்காமல் அழுத்துவாள். ரத்தச் சிவப்பில் ஒரு சொட்டு, பிறகு இன்னொன்று, பச்சைத் தண்ணீரில் விழும். விழுந்த இடத்தில் ஒரு நொடி சிவப்பு நூல் மாதிரி நீண்டு, அப்புறம் இருந்த தடமே தெரியாமல் கலந்துவிடும்.

என் வீட்டுக்காரி மாட்டுக்கோ ஆட்டுக்கோ ஊசி போடவில்லை. தண்ணீருக்குப் போட்டாள். ஏற்காட்டு மலையில், நாகலூரில் எங்கள் வீட்டின் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் வெறும் பச்சைத் தண்ணீர். அதாவது கண்ணுக்குத் தெரியாத பாசி. மற்றொன்றில் அந்தப் பாசியைத் தின்று வளரும் உயிர்கள். ஒரு தம்ளர் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்தால், மாவுத் தூசி பறப்பதைப் போல ஏதோ நெளியும். அவ்வளவுதான் உருவம்.

மீன் பண்ணைக்காரர்கள் அதை ரோட்டிஃபர் என்பார்கள். எஸ்தர் "சின்னதுங்க" என்பாள். "சின்னதுங்களுக்குத் தண்ணி மாத்தோணும்" என்று அவள் சொன்னால், பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள்.

இந்தத் தொடரில் எஸ்டேட் கதைகளையும் ரைட்டர் வேலையையும் எழுதிவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் வாராவாரம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். காரணம் கடைசியில் தெரியும்.

டிஸ்பென்சரி நாட்கள்

நான் காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று பெயர் பதிகிறவன். எஸ்தர் அதே எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிறவள். மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவள். பழம் பறிக்கும் பெண்கள் காலில் அட்டைக் கடியோடும், இடுப்பில் குழந்தையோடும் அவள் வாசலில் நிற்பார்கள். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் மலையேறி வருவார். மற்ற ஆறு நாளும் எஸ்தர்தான் டாக்டர்.

அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. அது அவளுடைய அளவு. குழந்தைக்கு எத்தனை மில்லி, கிழவருக்கு எத்தனை மில்லி என்பதில் அவள் கை தப்பியதே இல்லை என்று மலை முழுக்கச் சொல்வார்கள். வீட்டிலும் அப்படித்தான். காப்பிக்குச் சர்க்கரை போடுவதற்குக்கூட ஸ்பூனைத் தட்டையாக வழித்துத்தான் போடுவாள். நான் கொஞ்சம் கூடக் கேட்டால், "இது டிஸ்பென்சரி அளவுங்க, கூட்ட முடியாது" என்பாள்.

பிறகு எஸ்டேட் கை மாறியது. புதியவர்கள் டிஸ்பென்சரியை மூடி, அதை உரக் கிடங்கு ஆக்கிவிட்டார்கள். நான் ஓய்வு பெற்றதும் ஏறக்குறைய அந்தச் சமயம்தான். எனக்கு அரை ஏக்கர் காப்பித் தோட்டம் இருந்தது, பொழுது போனது. அவளுக்கு ஒன்றுமில்லை. காலையில் குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, பின்கட்டில் உட்கார்ந்துவிடுவாள். எங்கும் போக வேண்டியதில்லை என்பது அவளுக்கே அப்புறம்தான் ஞாபகம் வரும். பேச்சு குறைந்துபோனது. சத்தம் போட்டுச் சண்டை பிடித்தாலாவது நன்றாயிருக்குமே என்று நான் ஏங்கிய நாட்கள் அவை.

ராஜேந்திரனின் இரண்டு பாட்டில்கள்

அப்போதுதான் ராஜேந்திரன் வந்தான். எஸ்தருக்குச் சித்தப்பா மகன், தம்பி முறை. கீழே மேட்டூர்ப் பக்கம் அலங்கார மீன் குஞ்சுப் பண்ணை வைத்திருக்கிறான். குராமி என்றொரு மீன். பார்க்க அழகு. ஆனால் பொரித்த குஞ்சின் வாய் குண்டூசி முனையைவிடச் சிறியது. நாம் கடையில் வாங்கிப் போடும் தூள் தீனி அந்த வாய்க்குள் நுழையாது. இந்த ரோட்டிஃபரைத்தான் போட வேண்டும். முதல் ஒரு வாரம் அது கிடைக்காவிட்டால் குஞ்சு அத்தனையும் போச்சு.

சிக்கல் என்னவென்றால், சித்திரை வைகாசி வெயிலில் கீழே தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது. ரோட்டிஃபர் ஒரே பகலில் செத்துப்போகிறது. மீனோ அந்த மாதங்களில்தான் அதிகம் முட்டையிடுகிறது.

"அக்கா, உங்க ஊட்டுப் பின்னால நெழலு இருக்குதுங்க, குளிரு இருக்குதுங்க. இந்த வித்த மட்டும் காப்பாத்திக் குடுங்க. கோடைக்கு நான் வந்து எடுத்துக்கறேன்" என்று இரண்டு பாட்டில்களை வைத்தான். ஒன்று பச்சை. மற்றொன்று கலங்கல்.

"இதுக்குத் தீனி?"

"இந்தப் பச்சைதானுங்க தீனி. ஆனா வெறும் பச்சையத் தின்னா பெருகாதுங்க. வைட்டமின் கலந்து குடுக்கோணும். பி டுவெல்வு."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எஸ்தரின் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். "ஊசி மருந்தா, மாத்திரையா? எத்தன லிட்டருக்கு எவ்வளவு? நாளைக்கு எத்தன வேளை?" என்று ஆரம்பித்தாள். ராஜேந்திரன் திணறிப்போனான். "மாமா, அக்கா என்னயப் பரீச்ச எழுத வெக்கிறாங்க" என்று என்னிடம் முறையிட்டான்.

மறுநாளே ஏற்காட்டுக்கு பஸ் ஏறி மருந்துக் கடையிலிருந்து அந்தச் சிவப்பு மருந்தை வாங்கிவந்தாள். ஊசிக் குழாய் அவளிடமே இருந்தது. பழைய டிஸ்பென்சரி நோட்டைப் போலவே ஒரு நோட்டு போட்டு, காலை மாலை குறிப்பு எழுதினாள். பச்சை இன்று கெட்டி, பச்சை இன்று வெளிறல், சின்னதுங்க சுறுசுறுப்பு, சின்னதுங்க சோர்வு. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தொட்டியருகே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். அந்த இடத்தில் ஈரப் பாசி வாசனையும், தூரத்தில் காய்கிற காப்பிக் கொட்டையின் புளித்த வாசனையும் கலந்தடிக்கும். இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்கு நெஞ்சு லேசாகிவிடும். என் பெண்டாட்டி என்னோடு திரும்பவும் சண்டை போட ஆரம்பித்த காலத்தின் வாசனை அது.

உறை கொடுத்த கை

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். பக்கத்து வீட்டிலிருந்து மோர் உறைக்குக் கேட்டு வந்தால் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். வீட்டில் இருப்பதே ஒரு கரண்டி என்றாலும் அதில் அரைக் கரண்டி போகும். எஸ்தர் இந்தச் சின்னதுங்களையும் உறைமோர் கணக்கில்தான் வைத்திருந்தாள். யார் கேட்டாலும் ஒரு பாட்டில் ஊற்றிக் கொடுத்துவிடுவாள்.

கேட்டவர்கள் அதிகமில்லை, நல்லவேளை. கொட்டச்சேட்டிலிருந்து பழனியம்மாள் வந்தாள். முன்பு எங்கள் எஸ்டேட்டில் பழம் பறித்தவள். அவள் மகள் ஒரு மீன் தொட்டி வாங்கிக் கொடுத்திருந்தாளாம். மீன் குஞ்சு பொரித்து, பொரித்ததெல்லாம் செத்துக்கொண்டிருந்ததாம். எஸ்தர் உடனே ஒரு பாட்டில் ஊற்றினாள்.

"மருந்து வாங்க முடியாட்டி ஆட்டுப் புழுக்கையத் துணில கட்டி ஊறப் போடு. தண்ணி பச்சையாகும். கொஞ்சம் மெதுவாப் பெருகும், ஆனா சாகாது" என்று வழியும் சொல்லிக் கொடுத்தாள்.

பழனியம்மாள் போனதும் நான் கிண்டல் செய்தேன். "ராஜேந்திரன் விஞ்ஞானி மாதிரி வந்து குடுத்த வித்து. நீ அதைக் கொட்டச்சேட்டுல ஆட்டுப் புழுக்கைக்குக் கட்டிக் குடுத்துட்டியே."

"ஒறை குடுத்தா கொறையாதுங்க" என்றாள் எஸ்தர். "உங்களுக்கு அதெல்லாம் எங்கிருந்து தெரியும்? பேரு பதியத்தான தெரியும்."

மூன்று தண்ணீர் கணக்கு

இனி நான் தள்ளிப்போட்ட இடம்.

நான்கைந்து வருஷம் இருக்கும். வைகாசி மாதம். சேர்வராயன் கோயில் திருவிழா நேரம். கீழே ராஜேந்திரனின் தொட்டி வெயிலில் செத்துவிட்டது. போனில் அழாத குறை. "அக்கா, திங்கக்கிழம குஞ்சு நீந்த ஆரம்பிச்சிரும். அன்னிக்குக் காத்தால நான் அங்க வந்து நிப்பேன். உங்களத்தான் நம்பியிருக்கறேன்." எஸ்தரின் தொட்டியில் சின்னதுங்க அந்தச் சமயம் அவல் பாயசம் மாதிரி கெட்டியாக இருந்தன. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை சேலத்தில் ஒரு கல்யாணம். எஸ்தர் போயே ஆக வேண்டும். காலையில் கிளம்பும் முன் மருந்து போட்டாள். ஒரு நாள் வீட்டில் இருக்கப் போவதில்லையே என்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டிப் போட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக அளவைக் கூட்டினாள் என்றே சொல்லலாம். என்னிடம் ஒரே வேலை சொன்னாள்.

"மத்தியானம் ரெண்டு தொட்டிக்கும் அரைக் கொடம் தண்ணி ஊத்துங்க. வெள்ள டிரம்முல ஊத்துத் தண்ணி புடிச்சு வெச்சிருக்கறேன். அதுல இருந்துதான் ஊத்தோணும். மறந்துறாதீங்க."

வெள்ளை டிரம் தோட்டத்துக் கடைசியில், ஊற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. மேடு ஏற வேண்டும். என் டிரம் வாசலிலேயே இருந்தது. போன வாரம் அதில்தான் காப்பிச் செடிக்கு மருந்து கரைத்தேன். மழைக்கு முன் இலைத் துரு நோய் வராமல் இருக்க, துருசும் சுண்ணாம்பும் கரைத்து அடிப்பது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வது. துருசு என்றால் அந்த மயில்கழுத்து நீலக் கல். அடித்து முடித்ததும் டிரம்மை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுவோம். மூன்று தண்ணீர் கழுவினால் டிரம் சுத்தம். காப்பிக்காரன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். அதே டிரம்மில் அப்புறம் மிளகுக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம், ஒரு கொடியும் வாடியதில்லை.

முந்தின நாள் பெய்த மழையில் அந்த டிரம் நிறைந்திருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. மழைத் தண்ணீரைவிடச் சுத்தம் எது? மேடேற சோம்பல் வேறு. மொண்டு ஊற்றிவிட்டு, வேலை முடிந்த திருப்தியில் சாப்பிட்டுப் படுத்தேன்.

சாயங்காலம் எஸ்தர் வந்தாள். தலையில் வைத்த மல்லிகைகூட வாடவில்லை, நேராகப் பின்கட்டுக்குத்தான் போனாள். போனவள் திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது பூதக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தம்ளர் தண்ணீரில் ஒன்றும் நெளியவில்லை. அடியில் வெளிறிய தூள் படிந்திருந்தது.

"எல்லாம் போச்சுங்க" என்றாள். "காத்தால மருந்த கூட்டிப் போட்டனுங்க. என் கை அளவு தப்பிப்போச்சு."

நான் வாசலுக்குப் போய் என் டிரம்மைப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே, விரல் படாத மடிப்பில், மெல்லிய நீலக் கோடு ஒன்று வட்டமாக ஓடியது. காப்பிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் அது ஒன்றுமேயில்லை. மாவுத் தூசி அளவு உயிருக்கு அது விஷம்.

திரும்பி வந்தேன். சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவள் நிமிர்ந்து, "நெசமாலுமே கை தப்பிருச்சா?" என்று கேட்டாள். அவள் கேட்டது என்னிடம்கூட அல்ல. நான் வாய் திறந்து இதைச் சொன்னேன்:

"வயசாகுதில்ல எஸ்தர். கை கொஞ்சம் தப்பத்தான செய்யும்."

ரைட்டராக இருந்த காலத்தில் யார் யாரையோ திட்டியிருக்கிறேன். வராதவனை வந்ததாகப் பதிந்திருக்கிறேன், வந்தவளைத் தாமதம் என்று திருப்பியிருக்கிறேன். அதற்கெல்லாம் சேர்த்து மொத்தமாக வெட்கப்பட்டாலும் இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

தீர்த்தக் கேன்

மறுநாள் ஞாயிறு. சர்ச்சுக்குப் போகவில்லை. விடிந்ததும் ஐந்து லிட்டர் கேன் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "கொட்டச்சேட்டுக்குப் போறேன். பழனியம்மாகிட்ட ஒறை மிச்சமிருக்கும்" என்றேன். எஸ்தர் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஏற்காடு வரை பஸ்ஸில் நின்றபடி போனேன். அங்கிருந்து கொட்டச்சேட்டுக்கு பஸ் இல்லை, எல்லா வண்டியையும் திருவிழாக் கூட்டத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். பாதித் தூரம் மூட்டை ஏற்றிப்போன ஒரு ஜீப். மீதி நடை. முழங்கால் என்னைத் திட்டிக்கொண்டே வந்தது.

பழனியம்மாள் வீட்டின் பின்னால் ஒரு பழைய கல்தொட்டி. அதில் ஆட்டுப் புழுக்கை மூட்டை மிதக்க, தண்ணீர் கரும்பச்சையாக இருந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. தம்ளரில் மொண்டு வெயிலுக்குப் பிடித்தேன். நெளிந்தன. கும்பல் கும்பலாக நெளிந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றத்தால் என்று சொல்லிக்கொண்டேன்.

"அம்மா குடுத்ததுதானுங்களே, நொம்பப் பெருகிப்போச்சுங்க. முழுசா எடுத்துட்டுப் போங்க சாரு. எனக்கு ஒரு செம்பு விட்டாப் போதும்" என்றாள் பழனியம்மாள். "அம்மா எதுக்குங்க வரல? ஒடம்புக்கு ஆகலீங்களா?"

"கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த அசதி" என்றேன். பொய் ஒன்று சொன்னால் அடுத்தது தானாக வருகிறது.

திரும்பும்போது பஸ்ஸில் நசுங்கிப் பிதுங்கும் கூட்டம். கேனை மூடினால் உள்ளே மூச்சு முட்டும் என்று வாயில் துணி கட்டி மார்போடு அணைத்துப் பிடித்திருந்தேன். மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மாள் ரொம்ப நேரமாகக் கேனையே பார்த்துவிட்டு, "ஏனுங்க, சாமி தீர்த்தமுங்களா? ஒரு சொட்டுக் குடுங்க, நெத்தில வெச்சுக்கறேன்" என்றார். "தீர்த்தமில்லீங்க, ஆட்டுப் புழுக்கத் தண்ணி" என்று உண்மையைச் சொன்னேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அது. அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து என் டிரம்மை யாருமறியாமல் காப்பிச் செடிகளுக்கு நடுவே கவிழ்த்தேன். தொட்டிகளை எஸ்தர் அதற்குள் சோடாவும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் காய வைத்திருந்தாள். ஊற்றுத் தண்ணீரில் புது உறை ஊற்றினோம். திங்கட்கிழமை ராஜேந்திரன் வந்தபோது அதில் பெரும்பகுதியைக் கொண்டுபோனான். குஞ்சுகளில் பாதி பிழைத்தன. "பாதியாச்சும் நின்னுதுங்க மாமா, நீங்க நடந்த நடைக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்குக் கையை உருவிக்கொள்ளத் தோன்றியது.

பாதிக் கோடு

அன்றிலிருந்து எஸ்தர் மருந்து எடுக்கும்போது குழாயின் பாதிக் கோட்டில் நிறுத்திவிடுவாள். முன்பு அவளே கணக்குப் போட்டு வைத்த அளவில் சரிபாதி. சின்னதுங்க பிழைத்தன, ஆனால் பழைய கெட்டி வரவில்லை. "என்னங்க்கா, முன்ன மாதிரி அடர்த்தி இல்லீங்களே" என்று ராஜேந்திரன் கோடைதோறும் கேட்பான். "போதும்டா, கூட்டுனா செத்துரும்" என்பாள்.

அதுகூடப் பரவாயில்லை. அக்கம்பக்கத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்துப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடிவருவது வழக்கம். எத்தனை மில்லி என்று கேட்டுப் போவார்கள். அவர்களை, "ஏற்காடு ஆஸ்பத்திரில கேட்டுக்க கண்ணு, எனக்கு இப்பெல்லாம் நிச்சயமாத் தெரியறதில்ல" என்று அனுப்ப ஆரம்பித்தாள். நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று வருஷங்கள் ஓடின.

இந்தத் தொடரில் எதை எழுதினாலும் முதலில் அவளுக்குத்தான் வாசித்துக் காட்டுவேன். சென்ற திங்கட்கிழமை இந்த அத்தியாயத்தை 'பாதிக் கோடு' வரை வாசித்தேன். வயசாகுதில்ல என்ற வாக்கியத்தை மட்டும் அதில் எழுதாமல் விட்டிருந்தேன்.

எஸ்தர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்ப அந்த மருந்து நல்ல மருந்துதானுங்களா?"

"நல்ல மருந்துதான்."

"கொஞ்சம் கூட்டிப் போட்டது?"

"அதால ஒண்ணும் ஆகல. டிரம்தான். நான்தான்."

முறத்தைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு ஒரு வார்த்த சொன்னீங்களே. அத எழுதலீங்களா?"

நான் கையிலிருந்த தாள்களை மடித்தேன்.

"எழுதுங்க. இதுல வேற எது இல்லாட்டியும் அது இருக்கோணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. ரசத்தில் உப்பில்லை. தட்டையாக வழித்த ஸ்பூன் கணக்குக்காரிக்கு உப்பு மறக்காது என்பது எனக்குத் தெரியும். கேட்காமல் சாப்பிட்டேன். அந்த வாக்கியத்தை அதன் இடத்தில் எழுதிச் சேர்த்தேன்.

மூன்றாம் நாள் காலை, பக்கத்து வீட்டுப் பெண் இருமல் மருந்துப் பாட்டிலோடு வாசலில் வந்து நின்றாள். எஸ்தர் அதை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் படித்தாள். பிள்ளையின் வயதைக் கேட்டாள், எடையைக் கேட்டாள்.

"ரெண்டரை மில்லி. சாப்பிட்டப்புறம் குடு. நான் சொல்றன், தைரியமாக் குடு சாமி" என்றாள்.

பிறகு பின்கட்டுக்குப் போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஊசிக் குழாயைக் கண்ணுக்கு நேரே உயர்த்திச் சிவப்பு மருந்தை இழுத்தாள். பாதிக் கோடு வந்தது. அவள் நிறுத்தவில்லை. முழு அளவுக்கும் இழுத்து, பச்சைத் தண்ணீரின் மேல் கையை நீட்டி அழுத்தினாள்.